கம்ப்யூட்டரில் மெமரி போதவில்லையா? புதிது வாங்கும் முன் படிக்க ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் என்று நம் ஆட்கள் இருக்கும் எந்தப் பக்கம் போனாலும், ஒரு பழைய கம்ப்யூட்டரை வீடே சேர்ந்து பயன்படுத்துவதைப் பார்க்கலாம். ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துவிட்ட பெட்டியாக இருக்கும், இல்லையென்றால் பிள்ளை ஹைஸ்கூல் சேர்ந்தபோது வாங்கிய லேப்டாப்பாக இருக்கும். பிள்ளையின் ப்ராஜெக்ட், அப்பாவின் கடைக் கணக்கு, கோயில் கமிட்டியின் காவடி நோட்டீஸ், ஜூமில் நடக்கும் தமிழ் வகுப்பு எல்லாம் அதில்தான். ஒருநாள் திரையில் 'மெமரி குறைவாக இருக்கிறது' என்று செய்தி வரும். அல்லது மவுஸை நகர்த்தினால் அம்பு அரை நிமிஷம் கழித்து நகரும். "இது போச்சு, புதுசு வாங்கணும்" என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்.

பெரும்பாலும் வாங்க வேண்டியதில்லை. 'மெமரி குறைவு' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கோளாறுகள் வருகின்றன. ஒன்றில் எச்சரிக்கை வரும், புரோகிராம் திடீரென்று மூடிக்கொள்ளும், ஆனால் வேகம் அதுவரை சுமாராகவே இருந்திருக்கும். இன்னொன்றில் எச்சரிக்கையே வராது, மெஷின் மட்டும் உறைந்து போகும். முதலாவதை ஒரு ரேண்ட்கூடச் செலவில்லாமல் சரிசெய்யலாம். இரண்டாவதற்குச் சில சமயம் காசு போகும். எது எது என்று தெரியாமல் கை வைத்தால் காசும் போய், கோளாறும் அப்படியே இருக்கும்.

விர்ச்சுவல் மெமரி என்ன செய்கிறது

ரேம் என்பது வேகமான, ஆனால் மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகம். ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி மெதுவானது, பெரியது, மின்சாரம் போனாலும் அழியாதது. இந்த இரண்டையும் சேர்த்து, ஒரே பெரிய நினைவகம்போல் புரோகிராம்களுக்குக் காட்டும் ஏற்பாடுதான் விர்ச்சுவல் மெமரி. இது விண்டோஸ் கண்டுபிடித்தது அல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரிலேயே இது வந்துவிட்டது. அங்கேயும் சிக்கல் இதேதான்: வேகமான நினைவகம் விலை அதிகம், அதனால் கொஞ்சம்தான் இருந்தது, பின்னால் மெதுவான காந்த உருளை. எதை எப்போது எங்கே வைப்பது என்ற வேலையை மனிதரிடமிருந்து எடுத்து மெஷினிடமே கொடுத்தார்கள்.

உங்கள் விண்டோஸ் மெஷினில் நினைவகம் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு புரோகிராம் தனக்குத் தேவையான பக்கத்தைக் கேட்கும். அது ரேமில் இருந்தால் உடனே கிடைக்கும். இல்லையென்றால் விண்டோஸ் அந்தப் புரோகிராமை நிறுத்தி வைத்துவிட்டு, டிஸ்கிலிருந்து பக்கத்தைக் கொண்டுவந்த பிறகு மறுபடி ஓடவிடும். ரேமில் இடமில்லை என்றால், கொஞ்ச நேரமாகத் தொடப்படாத பக்கம் ஒன்றை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். நீங்கள் தட்டச்சு செய்த கடிதம், கணக்கில் போட்ட எண்கள் போன்ற மாறிய தகவல்கள் அப்படி வெளியே போகும்போது தங்கும் இடம், சி டிரைவில் மறைந்திருக்கும் பேஜ்ஃபைல்.சிஸ் என்ற கோப்பு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: புரோகிராமின் சொந்தக் குறிமுறைக்கு, அதாவது அதை இயக்கும் கட்டளைகளுக்கு, பேஜ் ஃபைல் தேவையில்லை. அது ஏற்கெனவே டிஸ்கில் புரோகிராம் கோப்பாக இருக்கிறது. ரேமிலிருந்து தூக்கி எறிந்தாலும் தேவைப்படும்போது மறுபடி அங்கிருந்தே படித்துக்கொள்ளலாம். 'பேஜ் ஃபைலை அணைத்துவிட்டால் டிஸ்க் ஓடாது, மெஷின் பறக்கும்' என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அணைத்துவிட்டால், மாறிய தகவல்கள் வெளியே போக வழியில்லாமல் ரேமிலேயே தங்கும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் குறிமுறைதான் வெளியே தள்ளப்படும். டிஸ்க் முன்பைவிட அதிகமாக ஓடும். தயவுசெய்து அணைக்காதீர்கள்.

இனி வாக்குறுதிக் கணக்கு. ஒரு புரோகிராம் 'எனக்கு 500 எம்பி வேண்டும்' என்று கேட்டால், அது அதை இன்னும் தொடாவிட்டாலும், தருகிறேன் என்று விண்டோஸ் வாக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்த எல்லா வாக்குகளின் மொத்தமும் ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டக்கூடாது. இந்த எல்லை நெருங்கும்போதுதான் எச்சரிக்கைச் செய்தி வருகிறது. ரேமில் இன்னும் 1 ஜிபி காலியாக இருக்கும்போதே அது வரலாம். நிறையப் பேர் குழம்புவது இங்கேதான்.

முதலில் அளந்து பாருங்கள்

மெஷின் திணறிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். மறுதொடக்கம் செய்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். கீழே பல எண்கள் இருக்கும். நமக்கு வேண்டியவை சிலதான்.

'கமிட்டட்' என்ற இடத்தில் 4.7/5.0 ஜிபி என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது கொடுத்த வாக்கு, இரண்டாவது எல்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கு முதல் வகைக் கோளாறு. 'அவெய்லபிள்' என்பது உடனே கொடுக்கக்கூடிய ரேம். இது சில நூறு எம்பிக்குக் கீழே இறங்கி, இடப்பக்கம் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் இரண்டாவது வகை. 'கேஷ்டு' பெரிதாக இருந்தால் பயப்பட வேண்டாம். அடுத்து வேண்டியிருக்கும் என்று விண்டோஸ் எடுத்து வைத்த கோப்புகள் அவை, யாராவது கேட்டால் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும்.

இரண்டாவது வகையை உறுதி செய்ய ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பகுதியில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' வரைபடத்தைப் பாருங்கள். டிஸ்குக்குப் போய்ப் பக்கம் எடுத்துவந்த கணக்கு அது. புரோகிராமைத் திறக்கும்போது கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு. நீங்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதும் நூற்றுக்கணக்கில் நின்றால் நெரிசல்தான். உள்ளே கொண்டுவந்த பக்கத்தைப் பயன்படுத்தும் முன்பே வேறொன்றுக்காக வெளியே தள்ள வேண்டியிருக்கிறது, அதை மறுபடி கொண்டுவர வேண்டியிருக்கிறது. ரேமிலிருந்து ஒரு பக்கத்தைத் தொட ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கில் எஸ்எஸ்டிக்குக் கால் மணி நேரத்துக்கு மேலும், சுழலும் ஹார்ட் டிஸ்குக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அம்பு நகராததற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

யார் தின்கிறார்கள்?

டாஸ்க் மேனேஜரின் முதல் பக்கத்தில் தெரியும் மெமரி எண், அந்தப் புரோகிராம் இப்போது ரேமில் தனக்கென்று வைத்திருக்கும் அளவு. வாங்கிய வாக்குறுதி அதில் தெரியாது. அதனால் உண்மையான பெருந்தீனி அங்கே அமைதியாகத் தெரியும். டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போங்கள். மேலே நெடுவரிசைத் தலைப்பில் வலது கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' திறந்து, 'கமிட் சைஸ்' என்பதைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்துங்கள். முதல் நான்கைந்து பெயர்களில் விடை இருக்கும்.

எச்சரிக்கை வந்தபோது நீங்கள் இல்லை, பிள்ளைதான் உட்கார்ந்திருந்தான் என்றால் ஈவன்ட் வியூவர் உதவும். அதில் விண்டோஸ் லாக்ஸ், பிறகு சிஸ்டம். அங்கே 'ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர்' என்ற மூலத்திலிருந்து 2004 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். இது ஆண்டு அல்ல, பதிவின் எண். மெமரி தீர்ந்த அந்த நேரத்தில் அதிகம் பிடித்து வைத்திருந்த புரோகிராம்களின் பெயரை விண்டோஸே அதில் எழுதி வைத்திருக்கும். ரிப்பேர் பார்ப்பவர்களில்கூடப் பலர் இதைத் திறப்பதில்லை. எனக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு பக்கம் விண்டோஸில் தெரியாது.

ஒரு புரோகிராமின் எண் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போய் இறங்கவே இல்லை என்றால் அது கசிவு. அந்தப் புரோகிராமைப் புதுப்பியுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். எந்தப் புரோகிராமும் பெரிதாகத் தெரியாமல், மெமரி பக்கத்தில் 'நான்பேஜ்டு பூல்' மட்டும் ஜிபி கணக்கில் வீங்கியிருந்தால், கசிவது பெரும்பாலும் ஒரு டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு புரோகிராம். நெட்வொர்க் டிரைவரையும் வைரஸ் தடுப்பையும் முதலில் சந்தேகியுங்கள்.

இங்கே இன்னொன்று. விண்டோஸ் 10-லும் 11-லும் 'ஷட் டவுன்' கொடுத்தால் மெஷின் முழுசாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் மெஷின்களில் இயங்குதளத்தின் உட்பகுதி டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்பி வருகிறது, கசிந்த டிரைவரோடு சேர்த்து. தினமும் இரவு அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன், ஆனாலும் சரியாகவில்லை என்பவர்கள் 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள். அதுதான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

முதல் வகை: எல்லையைத் தளர்த்துவது

ஸ்டார்ட் மெனுவில் 'அட்ஜஸ்ட் தி அப்பியரன்ஸ் அண்ட் பெர்பார்மன்ஸ் ஆஃப் விண்டோஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டத் தொடங்கினாலே அந்தப் பெட்டி வந்துவிடும். அதில் அட்வான்ஸ்டு தாவல், கீழே விர்ச்சுவல் மெமரி, 'சேஞ்ச்' பொத்தான்.

மேலே 'ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் எப்போதோ கையால் மாற்றியிருக்கிறார். பழைய ஆபீஸ் மெஷின்களில் இதைப் பார்க்கலாம். டிக்கைப் போட்டு, ஓகே கொடுத்து, மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு வேலை இத்தோடு முடிந்தது. தானாக நிர்வகிக்கும்போது பேஜ் ஃபைல், ரேமைப் போல மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இதில் எது பெரிதோ அதுவரை வளரலாம். ஆனால் டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது.

டிக் இருந்தும் எச்சரிக்கை வருகிறதா? சி டிரைவில் காலி இடம் எவ்வளவு என்று பாருங்கள். டிரைவ் நிரம்பியிருந்தால் வளர இடம் ஏது? செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்ப்ரரி ஃபைல்ஸ் வரை போய்ச் சுத்தம் செய்யுங்கள். டவுன்லோட்ஸ் அங்கே டிக் ஆகியிருந்தால், உள்ளே வேண்டியது எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே அழியுங்கள். கல்யாண வீடியோக்கள்தான் நம் வீடுகளில் முதல் குற்றவாளி; அவற்றை வெளி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். 15, 20 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும்.

கையால் அளவு கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கணக்கு இப்படி. வழக்கமாக நீங்கள் திறக்கும் எல்லாவற்றையும் ஒரே சமயம் திறந்து வைத்து, கமிட்டட் முதல் எண் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். 7 ஜிபி என்று வைப்போம். ரேம் 4 ஜிபி. மீதி 3. அதற்கு மேல் தாராளமாக விட்டு, இனிஷியல் சைஸ் 4096, மேக்ஸிமம் சைஸ் 8192 என்று எம்பியில் கொடுங்கள். பிறகு 'செட்' பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தாமல் ஓகே கொடுத்துவிட்டால் ஒன்றும் மாறாது. ரேமைப் போல ஒன்றரை மடங்கு என்ற பழைய வாய்ப்பாட்டை விட்டுவிடுங்கள். ரேம் குறைவாக இருக்கும் மெஷினுக்குத்தான் பேஜ் ஃபைல் அதிகம் தேவை; அந்த வாய்ப்பாடு அங்கேதான் குறைவாகக் கொடுக்கிறது.

எஸ்எஸ்டியில் பேஜ் ஃபைல் வைத்தால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. 2009-இல், விண்டோஸ் 7 வந்த சமயம், மைக்ரோசாஃப்ட் தன்னிடம் சேர்ந்த பதிவுகளைப் பார்த்துச் சொன்னது: பேஜ் ஃபைலில் எழுதுவது ஒன்று என்றால் படிப்பது சுமார் நாற்பது. சின்னச் சின்னதாகப் படிப்பதுதான் எஸ்எஸ்டிக்கு மிகவும் ஒத்துவரும் வேலை. ஹார்ட் டிஸ்கும் எஸ்எஸ்டியும் இரண்டும் இருந்தால் எஸ்எஸ்டியிலேயே வையுங்கள். யூஎஸ்பி குச்சியில் வைக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது வகை: நெரிசலைக் குறைப்பது

பேஜ் ஃபைலை எவ்வளவு பெரிதாக்கினாலும் நெரிசல் குறையாது. இங்கே குறைக்க வேண்டியது தேவையை, அல்லது கூட்ட வேண்டியது ரேமை.

பிரவுசரிலிருந்து தொடங்குங்கள். குரோமில் செட்டிங்ஸ், பெர்பார்மன்ஸ் போனால் மெமரி சேவர் இருக்கும். எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ். இரண்டும் தொடாமல் கிடக்கும் டேப்களைத் தூங்க வைக்கும். குரோமுக்குள் இருக்கும்போது ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் அதற்கே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் வரும், எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று தெரியும். பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள்.

அப்புறம், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ். மெஷின் திறந்ததும் தானாக ஓட வேண்டியது வைரஸ் தடுப்பும் ஒலி, டச்பேட் போன்றவையும்தான். கேம் லாஞ்சர், இசை ஆப், மீட்டிங் ஆப் எல்லாவற்றையும் டிஸேபிள் செய்யலாம். வேண்டும்போது திறந்துகொள்ளலாம். இரண்டு வைரஸ் தடுப்புகள் இருந்தால் ஒன்றை நீக்குங்கள்.

தமிழ் எழுத்துருக்களும் தமிழ் விசைப்பலகையும் போட்டதால்தான் மெஷின் மந்தமானது என்று தமிழ் வகுப்புப் பெற்றோர் கவலைப்பட வேண்டாம். எழுத்துருக் கோப்புகள் மிகச் சிறியவை. நிர்மலா எழுத்துரு விண்டோஸோடு வருவதுதான். அவற்றை எடுத்துவிட்டு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

'ரேம் கிளீனர்', 'மெமரி பூஸ்டர்' என்று வரும் புரோகிராம்களை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அவை செய்வது, ரேமில் இருக்கும் பக்கங்களை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுவது. காலி ரேம் என்று பெரிய எண் காட்டும். அடுத்த நொடி அந்தப் பக்கங்களை எல்லாம் டிஸ்கிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கரண்ட் போகும் நாட்டில்

2023-இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது நாளுக்குப் பல மணி நேரம் இருட்டில் கிடந்தோம். பிறகு நிலைமை எவ்வளவோ தேறினாலும், கேபிள் திருட்டு, மழை, புயல் என்று திடீரென்று கரண்ட் போவது நிற்கவில்லை. பேஜ் ஃபைலில் போன தகவல் பத்திரமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். டிஸ்கில் இருந்தாலும், மெஷின் திரும்ப எழும்போது விண்டோஸ் அதைப் பயன்படுத்தாது. 'ஸ்லீப்' கொடுத்தாலும் வேலை ரேமில்தான் இருக்கும். பேட்டரி இல்லாத டெஸ்க்டாப்பில் கரண்ட் போனால் அதுவும் போய்விடலாம்.

'ஹைபர்னேட்'தான் ரேமில் இருப்பதை டிஸ்கில் முறையாக எழுதிவிட்டு அணைக்கும். பவர் மெனுவில் அது இல்லையென்றால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' வரை போய், மேலே இருக்கும் மாற்று இணைப்பைக் கிளிக் செய்த பிறகு ஹைபர்னேட்டுக்கு டிக் போடுங்கள். இதற்கான கோப்பு வழக்கமாக ரேமில் 40 சதவீத அளவு இடத்தை சி டிரைவில் எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது நல்லது. நெரிசலில் டிஸ்க் நிற்காமல் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் கெடும் அபாயம் அதிகம். மெஷின் திணறும் நேரத்தில் முதலில் சேமியுங்கள், பிறகு ஆராயுங்கள்.

ரேம் வாங்குவதென்றால்

எல்லாம் செய்தும் அவெய்லபிள் எண் எழவில்லை என்றால் ரேம் கூட்ட வேண்டியதுதான். 4 ஜிபி மெஷினை 8 ஆக்கினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும் மெஷினில், கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், நான் எஸ்எஸ்டியை முதலில் மாற்றுவேன். நெரிசல் வந்தாலும் தாங்கும், மற்ற வேலைகளும் வேகமாகும்.

வாங்கும் முன் மூன்று விஷயங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போய், விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா பாருங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடும் ரேம் வீண்; முதலில் 64 பிட் விண்டோஸ் போட வேண்டும். அடுத்து, டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு', 'ஃபார்ம் ஃபேக்டர்' இரண்டையும் படியுங்கள். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டது. அதை மாற்ற முடியாது, கூடுதல் ஸ்லாட் இருந்தால்தான் சேர்க்கலாம். மூன்றாவது, டிடிஆர் 3, 4, 5 என்ற ரேம் வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. லேப்டாப் ரேம் குச்சியும் டெஸ்க்டாப் ரேம் குச்சியும் வேறு. பழைய குச்சியைக் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டுபோவதுதான் நிச்சயமான வழி.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேசியா, பிரிட்டோரியா அருகே லாடியம் பக்கம் இருப்பவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடுதல் கவனமாக இருங்கள். அந்த வறண்ட குளிரில் கம்பளி ஸ்வெட்டரோடு ரேமைத் தொட்டால் நிலைமின்சாரம் அதைக் கொன்றுவிடலாம். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் உலோகத்தை முதலில் தொடுங்கள். டர்பன் கடற்கரைப் பக்கம் பிரச்சினை வேறு: ஈரமும் உப்புக் காற்றும் பட்டு, ரேமின் தொடுமுனைகளில் படலம் ஏறலாம். சில சமயம் பழைய குச்சியைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டினாலே காணாமல் போன 4 ஜிபி திரும்பி வரும்.

மாட்டியதும் ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' தேடி ஓட்டுங்கள். மெஷின் மறுதொடக்கமாகி, நீலத் திரையில் பரிசோதனை நடக்கும். பிழை காட்டினால் குச்சியைக் கழற்றி, அடுத்த ஸ்லாட்டில் போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். அங்கேயும் பிழை என்றால் ரேம்தான் பழுது. ரசீதோடு கடைக்குப் போங்கள். இந்த நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவின்படி, கடையில் வாங்கிய பொருள் பழுது என்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று நீங்களே கேட்கலாம்.